பதுக்கல் பட்டியல்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் மெஸ் பற்றி எழுதேன், எல்லோரும் ரசிப்பாங்க" என்றுதான் சொன்னார்கள். மெஸ் பற்றி எழுத ஒவ்வொரு அணியிலும் பத்துப் பேர் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகச் சாப்பிட்டவர்கள், நன்றாகவும் எழுதுவார்கள். நான் கம்ப்யூட்டர் சரித்திரத்தில் ஒரு சின்னத் துண்டைப் பற்றி எழுதப் போகிறேன். குழுவினர் மன்னிக்க வேண்டும். இதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். சும்மா பக்கத்தைப் புரட்டி அங்கே போய்விடாதீர்கள், நடுவில் இருப்பது தெரியாவிட்டால் அது விளங்காது.

விஷயம் இதுதான். ஃபைல்கள் எல்லாம் எங்கேயோ ஒரு பொது சர்வரில் இருக்கின்றன. உங்கள் கையில் இருக்கும் கம்ப்யூட்டரின் டிஸ்க் சிறியது. எல்லாவற்றையும் அதில் கொண்டுவர முடியாது. எதைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வது? அதை யார் முடிவு செய்வது?

ஸ்டடி ஹாலிடேஸுக்கு ஊருக்குப் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். லைப்ரரியில் ஆளுக்கு மூன்று டிக்கெட். டிரங்குப் பெட்டியில் அதற்குமேல் இடமும் இல்லை. எந்த மூன்று புத்தகம் என்று யோசித்து யோசித்து எடுத்துப் போவோம். ஊருக்குப் போய் மூன்றாம் நாள் கணக்குப் போட உட்கார்ந்தால் கிளார்க்ஸ் டேபிள் ஹாஸ்டல் அலமாரியில் இருக்கும். அது புத்தகம் என்றே நம் நினைவில் இருந்திருக்காது, எப்போதும் மேஜைமேல் கிடந்த சாமான்தானே! இந்த கிளார்க்ஸ் டேபிளைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரித்திரம் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. 1982-இல் அந்தப் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. வளாகம் முழுவதும் மாணவர், ஆசிரியர் எல்லோருக்கும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர், எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அவரவர் ஃபைல்கள் கிடைக்க வேண்டும் என்பது திட்டம். ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கம்ப்யூட்டர்கள்வரை தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். நம் ஊரில் ஒரு டெர்மினலுக்கு ஆறு பேர் வரிசையில் நின்ற காலம் அது என்பதை இளைய தலைமுறைக்குச் சொல்லி வைக்கிறேன். ஆண்ட்ரூ கார்னகி, ஆண்ட்ரூ மெலன் என்ற இரண்டு புரவலர்களின் பெயரால் அந்தத் திட்டத்துக்கு ஆண்ட்ரூ என்று பெயர். அதன் ஃபைல் அமைப்புக்கு ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டம், சுருக்கமாக ஏ.எஃப்.எஸ்.

இந்த வேலையில் முன்னணியில் இருந்தவர் மகாதேவ் சத்யநாராயணன். துறையில் எல்லோரும் 'சத்யா' என்பார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 1975-இல் பி.டெக்., 1977-இல் எம்.டெக். முடித்து, கார்னகி மெலனில் 1983-இல் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் நம் கல்லூரிக்காரர் இல்லை. ஆனாலும் கிண்டி, அடையாறு பக்கம் பஸ் பிடித்துத் திரிந்த ஒருவர் இந்தக் கதையின் நடுவில் இருக்கிறார் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஏ.எஃப்.எஸ். எடுத்த முடிவு எளிமையானது. ஒரு ஃபைலை நீங்கள் திறந்தால், அதை முழுசாக உங்கள் கம்ப்யூட்டரின் டிஸ்குக்கே கொண்டுவந்துவிடும். அப்புறம் படிப்பது, எழுதுவது எல்லாம் அந்த நகலில். மூடும்போது, மாறியிருந்தால் சர்வருக்குத் திரும்ப அனுப்பும். இப்படிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் நகல்களுக்குத்தான் 'கேஷ்' என்று பெயர். (உச்சரிப்பு ரொக்கம் மாதிரிதான். எழுத்து வேறு. இண்டர்வியூவில் ஒரு தடவை 'கேச்சே' என்று சொல்லி மாட்டிக்கொண்டவன் நான்.) இந்த வேலையைச் செய்யும் புரோகிராமுக்கு வீனஸ் என்று பெயர் வைத்தார்கள்.

முதல் வடிவத்தில் ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு தடவை ஃபைலைத் திறக்கும்போதும் வீனஸ், "என் கையில் இருக்கும் நகல் இன்னும் செல்லுமா?" என்று சர்வரைக் கேட்கும். சர்வருக்கு வந்த அழைப்புகளை எண்ணிப் பார்த்தால் பாதிக்குமேல் இந்த ஒரே கேள்வி! அடுத்த வடிவத்தில் தலைகீழாக மாற்றினார்கள். "யாராவது அந்த ஃபைலை மாற்றினால் நானே சொல்லி அனுப்புகிறேன், அதுவரை சும்மா இரு" என்று சர்வர் வாக்குக் கொடுத்துவிடும். சர்வரின் பாரம் குறைந்தது.

இதுவரை, எதை வைத்துக்கொள்வது என்று யாரும் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. கடைசியாகத் தொட்டது இருக்கும், இடம் போதாவிட்டால் ரொம்ப நாளாகத் தொடாதது வெளியே போகும், அவ்வளவுதான் விதி. இல்லாத ஃபைலைக் கேட்டாலும் குடி முழுகிப் போகாது, கம்பி வழியாக சர்வரிலிருந்து வந்துவிடும், ஒரு நிமிஷம் தாமதம். ஆனால் கம்பி அறுந்தால்? சர்வர் படுத்துவிட்டால்? எல்லோரும் ஒரே சர்வரை நம்பிப் பழகிவிட்டதால், அது நின்றால் அதை நம்பியிருந்த அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு காபி குடிக்கப் போக வேண்டியதுதான்.

1987-இல் சத்யாவின் குழு 'கோடா' என்ற அடுத்த அமைப்பைத் தொடங்கியது இதற்காகத்தான். ஒரே ஃபைலைப் பல சர்வர்களில் நகலெடுத்து வைப்பது அதன் ஒரு பாதி. அதை விட்டுவிடுகிறேன். இன்னொரு பாதிதான் நம் கதை. சத்யாவும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் கிஸ்லரும், வேகத்துக்காக வைத்திருந்த கேஷை வேறு கண்ணால் பார்த்தார்கள். தேவையான ஃபைல்கள் ஏற்கெனவே என் டிஸ்கில் இருந்தால், கம்பியே இல்லாமலும் நான் வேலை செய்யலாமே! லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், விமானத்தில் போகலாம். திரும்பி வந்து கம்பியைச் செருகியதும், செய்த மாற்றங்களை வீனஸ் சர்வரில் ஏற்றிவிடும். இது பற்றிய அவர்களுடைய கட்டுரை 1991-இல் வெளிவந்தது.

"அதற்குள் அதே ஃபைலை இன்னொருத்தர் மாற்றியிருந்தால்?" என்று எல்லோரும் கேட்கும் கேள்வியை அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். ஏ.எஃப்.எஸ். சர்வர்களில் அளந்து பார்த்தபோது, ஒரே ஃபைலை ஒரு நாளுக்குள் இரண்டு வேறு ஆட்கள் மாற்றுவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, முக்கால் சதவீதம்தான் தேறியது. ஆகவே அந்தப் பயம் பெரிதாக இல்லை. பெரிய பயம் வேறு இடத்தில் இருந்தது. கம்பி இருக்கும்போது கேஷில் இல்லாத ஃபைல் ஒரு நிமிஷத் தாமதம். கம்பி இல்லாதபோது அதே ஃபைல் இல்லவே இல்லை. முன்கூட்டியே எதைச் சேர்த்து வைப்பது என்பது திடீரென்று உயிர் போகிற கேள்வியாகிவிட்டது.

இப்படிச் சேர்த்து வைப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹோர்டிங்'. ஹோர்டிங் என்றால் நம் ஊரில் மவுண்ட் ரோட்டு விளம்பரத் தட்டி. அகராதியைப் பார்த்தால் பதுக்கல்! அரிசி மூட்டையைப் பதுக்கிய வியாபாரி கைது என்று பேப்பரில் படித்து வளர்ந்த நமக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் பொருத்தமான சொல். வரப்போகும் பஞ்சத்தை நினைத்து இன்றைக்கே மூட்டை அடுக்குவது.

எதைப் பதுக்குவது என்று சொல்ல இரண்டு வழி வைத்தார்கள். ஒன்று பழைய வழி, அண்மையில் தொட்டவை. ஆனால் அது மட்டும் போதாது. நாளைக்கு ஊருக்குப் போய் எழுதப்போகும் ரிப்போர்ட்டை நான் ஒரு மாதமாகத் தொட்டே இருக்க மாட்டேன், இன்றைக்குத் தொட்டதெல்லாம் நாளைக்குத் தேவைப்படாத குப்பையாக இருக்கும். அதனால் இரண்டாவது வழி, பட்டியல். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் நீங்களே எழுதலாம், இந்த ஃபைல், இந்த டைரக்டரி, இதற்கு இவ்வளவு முன்னுரிமை. பெரிய எண் என்றால் அதிக முக்கியம். எழுதிய எண்ணையும், அண்மையில் தொட்டதா என்பதையும் சேர்த்துக் கலந்து வீனஸ் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு மதிப்புப் போடும். வெளியே இருக்கும் எந்த ஃபைலும் உள்ளே இருக்கும் ஒரு ஃபைலைவிட அதிக மதிப்பு உள்ளதாக இருக்கக்கூடாது. அதுதான் குறிக்கோள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வீனஸ் ரோந்து போகிற மாதிரி பட்டியலைச் சுற்றி வந்து, குறைவதைக் கொண்டுவரும், மதிப்பு இறங்கியதை வெளியே தள்ளும். கம்பியைப் பிடுங்குவதற்கு முன், "இப்பவே ஒரு ரோந்து போ" என்று நாமே சொல்லவும் முடியும்.

பட்டியலின் இலக்கணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு டைரக்டரியை எழுதி, எண்ணுக்குப் பக்கத்தில் 'சி' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால், அதன் குழந்தைகள் என்று பொருள். அதாவது அந்த டைரக்டரிக்குள் நேராக இருப்பவை மட்டும். 'டி' என்று போட்டால் வம்சம் முழுவதும். குழந்தை, பேரன், கொள்ளுப்பேரன் என்று எவ்வளவு ஆழம் போனாலும் எல்லாம். கூடவே ஒரு கூட்டல் குறி போட்டால், இன்று இருப்பவை மட்டுமல்ல, இனிமேல் பிறக்கப் போகிறவையும் சேரும். ஒரு எழுத்து, ஒரு குறி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த 1991 கட்டுரையில் மாதிரிக்குச் சில பட்டியல்களை அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அது. கிஸ்லரின் சொந்த டைரக்டரிக்கு எண் எதுவும் எழுதவில்லை. அதற்குள் கட்டுரைகள் வைத்திருந்த டைரக்டரிக்கு 100. அதற்கும் உள்ளே, இதே கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த டைரக்டரிக்கு 1000! அடுத்த பட்டியலில் எக்ஸ் விண்டோ திரைக்கு வேண்டிய சாமான்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. அதில் சுவர்க் கடிகாரம் மாதிரி திரையில் மணி காட்டும் புரோகிராமும் உண்டு, எழுத்துரு டைரக்டரியும் உண்டு. யாரோ ஒருவர் ஒரு தடவை அது இல்லாமல் அவதிப்பட்டுத்தான் சேர்த்திருப்பார் என்று அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். ருசு எதுவும் என்னிடம் இல்லை.

ஒரு நுட்பமும் சொல்ல வேண்டும். ஆழத்தில் இருக்கும் ஒரு ஃபைலைத் திறக்க வேண்டுமானால் அதற்கு மேலே இருக்கும் டைரக்டரிகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். பேரன் வீட்டில் இருந்து தாத்தா இல்லாவிட்டால் பேரனைக் கூப்பிடவே வழியில்லை. அதனால் குழந்தை கேஷில் இருக்கும்வரை பெற்றோர் டைரக்டரி வெளியே போகாது என்று விதி செய்தார்கள். இதற்கு எதிர்மறை உண்டா? டைரக்டரி இருந்து உள்ளே இருக்கும் ஃபைல்கள் இல்லாமல் இருக்கலாமா? தாராளமாக. ஃபைல்களின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். திறந்தால் இல்லை. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் எவ்வளவு என்று கேட்பீர்கள். சுமார் 100 எம்.பி. இருந்தால் ஒரு நாள் வேலைக்கு நன்றாகப் போதும் என்பது அவர்கள் கண்டது. இன்றைக்குப் பேரனின் பிறந்தநாள் வீடியோ ஒன்று அதற்குமேல் போகிறது.

பட்டியல் எழுதுவதில் உள்ள சிக்கல் அவர்களுக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. மனுஷனுக்குத் தான் என்ன செய்யப் போகிறோம் என்பது தெரியும். அதைச் செய்யும்போது கம்ப்யூட்டர் என்னென்ன ஃபைலைத் தொடும் என்பது தெரியாது. ஒரு கட்டளை தட்டினால் அது இன்னொன்றைக் கூப்பிடும், அது ஒரு லைப்ரரியைத் தேடும், அது ஓர் அமைப்பு ஃபைலைப் படிக்கும். எல்லாம் கிளார்க்ஸ் டேபிள்கள்! அதற்காக ஒரு வேவு வசதி வைத்தார்கள். "இப்போதிலிருந்து பார்" என்று சொல்லிவிட்டு, வேலையை ஒரு தடவை முழுசாகச் செய்து காட்டி, "போதும்" என்றால், நடுவில் தொட்ட ஃபைல்களையெல்லாம் வீனஸ் குறித்து வைக்கும். அதைப் பட்டியலாக மாற்றிக்கொள்ளலாம். அருமையான ஏற்பாடு. ஒரே குறை, ஒத்திகையை யாராவது பார்க்க வேண்டும். பிராக்டிகல் பரீட்சைக்கு முன் சர்க்யூட்டை ஒரு தடவை போட்டுப் பார் என்று சார் சொல்வார், நாம் போட்டோமா?

1995-இல் லில்லி மம்மர்ட், மரியா எப்லிங், சத்யா மூவரும் எழுதிய கட்டுரையில் இன்னொரு படி ஏறினார்கள். கம்பி அறுந்தும் போகவில்லை, சரியாகவும் இல்லை, டெலிபோன் மோடம் மாதிரி ஆமை வேகத்தில் வருகிறது என்றால் என்ன செய்வது? அவர்கள் சொன்ன பதிலில் கணக்கும் இருக்கிறது, மனசும் இருக்கிறது. ஒரு ஃபைலுக்காக ஆள் எவ்வளவு நேரம் காத்திருப்பான் என்ற பொறுமைக்கு ஒரு சூத்திரம் போட்டார்கள். பட்டியலில் பெரிய எண் கொடுத்திருந்தால் பொறுமையும் அதிகம் என்று அர்த்தம். பொறுமைக்குள் வந்துசேரும் ஃபைலை வீனஸ் கேட்காமலே கொண்டுவரும். பொறுமையை மீறும் என்று தோன்றினால் திரையில் பட்டியல் போட்டு, "இவை வேண்டுமா, இவ்வளவு நேரமாகும்" என்று கேட்கும். ஆள் பக்கத்தில் இல்லாமல் பதில் வராவிட்டால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும். கிடைக்காமல் போன ஃபைல்களின் கணக்கையும் வைத்திருந்து, அப்புறம் காட்டும், விருப்பமிருந்தால் பட்டியலில் ஏற்றிக்கொள்ளலாம். 'பொறுமை' என்ற சொல்லை ஓர் எஞ்சினியரிங் கட்டுரையில் சூத்திரத்துடன் பார்த்தபோது எனக்கு ஏனோ சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வந்தன.

இதே காலத்தில் கலிபோர்னியாவில், யு.சி.எல்.ஏ.யில், ஜெஃப் குயெனிங் என்பவர் வேறு கட்சி. ஆளைப் பட்டியல் எழுதச் சொல்வதே தப்பு என்றார். ஜெரால்ட் போபெக்குடன் சேர்ந்து அவர் 1997-இல் வெளியிட்ட 'சீர்' என்ற அமைப்பு, ஆளை எதுவும் கேட்காது. பின்னால் நின்று கவனித்துக்கொண்டே இருக்கும். இந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தபோது அந்த ஃபைலையும் திறந்தார், ஆகவே இரண்டும் சொந்தம் என்று ஃபைல்களுக்கு நடுவே ஒரு தூரம் கணக்கிடும். நெருங்கியவற்றைச் சேர்த்துக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கும். ஒரு குடும்பம் என்றால் ஒரு வேலை. நீங்கள் அண்மையில் செய்த வேலைகளின் குடும்பங்களை முழுசு முழுசாக டிஸ்கில் வைக்கும், பாதிக் குடும்பத்தை வைத்து என்ன லாபம்?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்களும் விதிகள் எழுத வேண்டி வந்ததுதான் வேடிக்கை. ஃபைல் தேடும் கட்டளை ஒன்றை ஓட்டினால் அது டிஸ்கில் இருக்கும் அத்தனை டைரக்டரியையும் தொட்டுவிட்டு வரும். உடனே எல்லா ஃபைலும் எல்லா ஃபைலுக்கும் சொந்தமாகிவிடும்! எல்லாப் புரோகிராமும் பொதுவாகத் தொடும் லைப்ரரி ஃபைல்களாலும் அதே குழப்பம். கல்யாண வீட்டில் எல்லோருடனும் பேசுகிற காண்ட்ராக்டரை வைத்து யார் யாருக்கு உறவு என்று முடிவு செய்த மாதிரி. ஆகவே, இன்னின்ன புரோகிராம் தொட்டால் கணக்கில் எடுக்காதே, இன்னின்ன ஃபைல் எது எப்படியானாலும் இருக்கட்டும் என்று கையால் எழுதிச் சேர்த்தார்கள். வாசல் வழியாக அனுப்பிய பட்டியல் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்தது.

என் கட்சி எது என்று கேட்டால், எனக்கு வேவு வசதிதான் பிடிக்கும். ஆள் வேலையைச் செய்து காட்டுகிறான், மிஷின் எழுதிக்கொள்கிறது. இரண்டு பேருக்கும் தெரிந்ததை இரண்டு பேரும் தருகிறார்கள். இது பின்புத்தி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி சொந்தக் கதை.

நான் 1992 அணி. 1998-இல் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். மொத்தம் பன்னிரண்டு பேர். தொழிற்சாலைகளில் எடை, அளவு எடுக்கும் மிஷின்களுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்போம். அந்த வருஷம் லினக்ஸ் ஜர்னல் இதழில் கோடா பற்றி பீட்டர் பிராம் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது. கோடாவை லினக்ஸில் ஓட்டலாம், காசும் கிடையாது. எங்களிடம் ஒரே ஒரு லேப்டாப், வெளியூர் போகிறவர் தூக்கிக்கொண்டு போவார். ஃபைல்களை ஃபிளாப்பியில் எடுத்துப் போய், பாதி மறந்து, திட்டு வாங்குவது வழக்கம். கோடாவை நிறுவி, பட்டியலையும் நானே எழுதினேன். ஆபீசில் எனக்கு 'பதுக்கல் மன்னன்' என்று பெயர் விழுந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

1999-இல் ஒரு பையன் சேர்ந்தான். நம் கல்லூரி, என்னைவிட ஐந்து வருஷம் ஜூனியர். என்னை 'அண்ணா' என்பான், மற்றவர்கள் எல்லாம் அவனுக்கு 'சார்'. நான்தான் சிபாரிசு செய்து சேர்த்தேன். வேலையில் நிதானம், குனிந்த தலை நிமிராமல் செய்வான்.

கடற்கரை ஓரத்தில் ஒரு தொழிற்சாலை. அங்கே எங்கள் புரோகிராமில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். அவர்கள் மிஷினை இரண்டு மணி நேரம் நிறுத்தித் தருவார்கள், அதற்குள் அங்கேயே மாற்றி, கம்பைல் செய்து, ஏற்ற வேண்டும். டெலிபோன் லைன் கிடையாது. பையனைத்தான் அனுப்பினோம். கிளம்பும் முன், நான் சொல்லிக்கொடுத்தபடியே ரோந்து போகச் சொல்லி, முடிந்ததும் கம்பியைப் பிடுங்கி, லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டான். "எல்லாம் வந்துடுச்சுண்ணா" என்றான்.

அங்கே போய்க் கம்பைல் செய்தால் முதல் நிமிஷத்திலேயே நின்றது. புரோகிராமின் டைரக்டரிக்குள் இருந்த ஓர் உள் டைரக்டரியில் ஹெடர் ஃபைல்கள் இருந்தன. பட்டியலிட்டுப் பார்த்தால் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிகின்றன. திறந்தால் 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்'. இரண்டு மணி நேரம் அவன் அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மிஷினைச் சும்மா நிறுத்தி வைத்ததற்கு அந்தத் தொழிற்சாலைக்காரர் எங்கள் முதலாளியை போனில் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்.

மறுநாள் காலையில் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். "யார் லேப்டாப்பை ரெடி பண்ணினது?" என்று கேட்டார். பையன் நின்றான். நான், "அவன்தான் சார் ரெடி பண்ணினான்" என்றேன்.

பொய் இல்லை. ரோந்து போகச் சொன்னது அவன்தான், கம்பியைப் பிடுங்கியது அவன்தான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. "முழுசா செக் பண்ணாம எப்படிப்பா கிளம்புவே?" என்று முதலாளி ஆரம்பித்து, அரை மணி நேரம் போனது.

அன்று ராத்திரி எல்லோரும் போன பிறகு பட்டியலைத் திறந்து பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏன் எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன்? புரோகிராம் டைரக்டரிக்கு நான் எழுதிய வரி இருந்தது. முன்னுரிமை 100. பக்கத்தில் 'சி', கூட்டல் குறி. குழந்தைகள் மட்டும். நான் அதை எழுதியபோது உள் டைரக்டரியே கிடையாது, எல்லா ஃபைலும் ஒரே இடத்தில் கிடந்தன. அப்புறம் ஹெடர்களைத் தனியாகப் பிரித்து வைத்தவனும் நான்தான். கூட்டல் குறியின் புண்ணியத்தில் புது டைரக்டரி லேப்டாப்புக்கு வந்தது, பெயர்களோடு. உள்ளே இருந்தவை பேரன்கள். அவற்றை நான் கேட்கவில்லை, வீனஸும் கொண்டுவரவில்லை. ஆபீசில் கம்பி இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. கேட்டவுடன் சர்வரிலிருந்து வந்துகொண்டே இருந்ததால், பட்டியலில் ஓட்டை இருப்பதற்கு அடையாளமே இல்லை.

'சி'யை அழித்து 'டி' என்று போட்டேன். சேமித்தேன். லைட்டை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தடவை வேறொருவர் அதே தொழிற்சாலைக்குப் போனார், எல்லாம் சரியாக ஓடியது. "பார்த்தியா, ஒழுங்கா ரெடி பண்ணினா ஓடுது" என்று முதலாளி பையனைப் பார்த்துச் சொன்னார். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். இரண்டு மாதத்தில் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். போகும் நாளில் என் மேஜைக்கு வந்து, "வரேண்ணா" என்றான். வேவு வசதியைப் பற்றி அவனுக்கு நான் சொல்லித் தந்திருக்கலாம். ஒரு தடவை அவனோடு உட்கார்ந்து, லேப்டாப்பின் கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கம்பைல் செய்து பார்த்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை.

பிற்பாடு இந்தத் துறை எங்கெங்கோ போனது. விண்டோஸ் 2000-இல் ஒரு ஃபோல்டரைத் தொட்டு, நெட்வொர்க் இல்லாதபோதும் கிடைக்கும்படி வை என்று சொல்லும் வசதி வந்தது. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் 2017-இல், பெயர் மட்டும் தெரியும், ஃபைல் கேட்டால்தான் வரும் என்ற முறையைக் கொண்டுவந்தது, விரும்பினால் எப்போதும் இங்கேயே வைத்திரு என்றும் சொல்லலாம். ஏ.எஃப்.எஸ். உருவாக்கியவர்களுக்கு 2016-ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். மென்பொருள் விருது கிடைத்தது, சத்யாவும் அதில் ஒருவர். மாணவத் தம்பி தங்கைகள் போனில் பாட்டை டவுன்லோடு செய்துவிட்டு ரயில் ஏறுகிறார்களே, அதுவும் ஒரு கூட்டல் குறி போட்ட வரிதான்.

என் போனில் பெயர் தெரிந்து, திறந்தால் வராத ஃபைல் ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடலோரத் தொழிற்சாலை ஞாபகம் வரும். நான் அங்கே ஒரு நாளும் போனதில்லை.

மலர்க் குழுவினர் 1997 அணியின் பட்டியலைக் காட்டினார்கள். பெயருக்கு எதிரே ஊர் இருக்கிறது, 'வருகிறார்' என்ற கட்டத்தில் அவன் இன்னும் டிக் போடவில்லை. வந்தால், தம்பி, மதியச் சாப்பாட்டுக்கு முன் பழைய கம்ப்யூட்டர் லேப் வாசலில் நிற்கிறேன். அந்தப் பட்டியலின் பழைய பிரிண்ட் அவுட், நான் திருத்துவதற்கு முன் எடுத்தது, ஒரு தாள், என்னிடம் இருக்கிறது. கொண்டுவருகிறேன்.